ஜன்னல் இல்லாத கேபின்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
இரண்டாவது மாடி, செருப்பைக் கழற்றச் சொல்லும் அலுவலகம்.
ஷிபின் என்ற பையன் மூன்று தாள்களை விரித்தான்.
மூன்றிலும் ஒரே நீலம். மூன்றிலும் ஒரு தென்னை,
ஒரே பக்கமாகச் சாய்ந்து.
தென்னை பார்க்கவா இவ்வளவு ரூபாய் என்று
நான் கேட்கவில்லை.
சீட்டு விழுந்த பணம் கைப்பைக்குள்,
மடியில் வருக்கைச் சக்கை வைத்தது போல.

லட்சத்தீவு, நான்கு இரவு.
மாலத்தீவு, ஐந்து இரவு, அடியில் கண்ணாடி பதித்த படகு இலவசம்.
அந்தமான், அதற்கு முதலில் விமானம் ஏறவேண்டும்.

கிளீட்டஸ் விரலை வைத்தார்,
தூண்டில் கிழித்து நகம் கோணலாய் முளைத்த விரலை.
"இதுக்கு மேக்கே ஆவணியில சுறா நல்லாக் கெடைக்கும்.
இங்க இஞ்சின் நின்னு ஒம்பது நாள் கெடந்தோம்.
இதுல, மக்களே, எங்கள ஒரு கொட்டகைல
பதினேழு நாள் பூட்டிப் போட்டான்.
சோறு மோசமில்ல. தேங்கா அரச்ச சூரக்கறி."
சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஷிபின்
பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான்.

பிறகு கேபின்.
பால்கனி உள்ளது, ஜன்னல் உள்ளது, இரண்டும் இல்லாதது.
"இல்லாதது போதும்" என்றார் இவர்.
"இருவத்தாறு வருசம் பாத்தாச்சு. இனி காசு குடுத்து
அதையா பாக்கணும்? கதவச் சாத்தினா
கடலே இல்லாதது போல ஒறங்கணும். ஏசி உண்டா?"

பால்கனி, என்றேன்.
என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

தூத்தூரில் வாக்கப்பட்டு இருபத்துமூன்று வருடம்.
கடற்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று
எத்தனை படகு போனது, எத்தனை திரும்பியது என்று
கூட்டிக் கழிக்கத் தெரியும்.
கடல் மேல் ஒருமுறையும் ஏறியதில்லை.
பெண் கால் வைத்தால் மீன் படாது என்பார்கள்.
வைக்காத வருடங்களிலும் பல தடவை படவில்லை.
ஒவ்வொரு முறையும் இவர் மெலிந்து திரும்பும் அந்த இடத்தை
ஒரு நாற்காலியில் உட்கார்ந்து,
காப்பி ஆறும்வரை, பார்க்கவேண்டும்.
வேறொன்றுமில்லை.

முப்பத்தோராயிரம் வித்தியாசம்.
ஜெர்லினின் ஹாஸ்டல் பணமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.
அதை இரண்டுபேரும் சொல்லவில்லை.
மின்விசிறி மட்டும் தாள்களைப் புரட்டப் பார்த்தது,
ஷிபின் ஒரு ஸ்டேப்ளரை மேலே வைத்தான்.

இவர் பேனாவை வாங்கி, பால்கனிக்கு நேரே
பெருக்கல் குறி போட்டார். டிக் போடத் தெரியாமலல்ல.
"படுக்கையில சுவர்ப்பக்கம் எனக்கு."
சரி.
"மாலத்தீவே போடு. இந்த வாட்டி முன்வாசல் வழியாப் போவோம்."

படிவத்தில் ஒரு கேள்வி:
இதற்கு முன் கடற்பயணம் செய்ததுண்டா?
ஷிபின் இவரைப் பார்த்தான்.
"இல்லண்ணு எழுது" என்றார்.
"அவளுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

படியிறங்கும்போது மேலிருந்து கூப்பிட்டான்:
அக்கா, கப்பல்ல தலை சுத்தும், மாத்திரை வாங்கிக்கோங்க.

மருந்துக்கடையில் எனக்கு ஓர் அட்டை கேட்டேன்.
பின்னால் நின்ற இவர், "ரெண்டு" என்றார்.
திரும்பினேன்.
"ஒவ்வொரு தங்கலுக்கும் மொத ரெண்டு நாள்
வாந்திதான். பயலுவ சிரிப்பானுவ.
ஒனக்கிட்ட சொல்லல்ல."

மீதிச் சில்லறையை எண்ணினார். மறுபடி எண்ணினார்.
ஒன்பது ரூபாய்தான் அது.
தூத்தூர் பஸ் வந்து, நின்று,
எங்களை ஏற்றாமல் போனது.